குழியில் இறங்காதீங்க

கொல்லையிலிருந்து தறிக்கூடத்துக்கு ஓடுகிறேன். சங்கு ஊதுகிறது. வெள்ளிக்கிழமை, காலை பத்தரை. ஆரணியில் சங்கு ஊதினால் தறிக்குழியில் இறங்கிவிடுவோம். நெசவாளி கால் மிதிக்கத் தோண்டிய குழி. போர் நடந்த வருடங்களில் எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

போர் முடிந்து மூன்று வருடம் ஆயிற்று. கையெழுத்தும் போட்டாயிற்று. ஆனால் வேறு நட்சத்திரத்திலிருந்து இரட்டைச் சூரியன்காரர்கள் சுட்ட குண்டு இங்கே வந்து சேரப் பதினோரு வருடம் பிடிக்கும். ஆட்கள் வருகிற கப்பல்தான் வேகம். வழியில் இருக்கிற குண்டுக்குச் சமாதானம் தெரியாது.

"குழியில எறங்காதீங்க! ஆத்துக்கு ஓடுங்க!"

வாசலில் நின்று கத்துகிறான் வானத்தான். அது நாங்கள் வைத்த பெயர். எதிரிப் படையில் பீரங்கி சுட்டவன். ஆயுதத்தை ஒப்படைத்தவர்களை வீட்டுக்கு ஒருவராகப் பங்கு போட்டார்கள். இங்கே அவர்கள் ஆட்கள், அங்கே எங்கள் ஆட்கள். கூட இருந்து சாப்பிட்டால் பகை தீருமாம். எனக்குத் தீரவில்லை. அவனுக்குத் தனி டம்ளர். அடுப்படிக்குப் பூட்டு. என் கணவர்தான் அவனுக்கு நூல் சுற்றக் கற்றுக்கொடுத்தார். தினமும் சாயங்காலம் மாடியில் நின்று வானத்தைப் பார்த்து விரல் மடக்குவான். அவன் ஆட்களுக்குச் சைகை காட்டுகிறான் என்று, இவர்களைக் கண்காணிக்கிற ஆபீசில் மனு எழுதிக்கொடுத்தேன். இரண்டு முறை.

என் கணவர் குழியிலிருந்து எழுந்திருக்கிறார். ஒரு கால் வெளியே. உள்ளே மாமியார்.

"அவன நம்பாதீங்க! நம்மள வெட்டவெளியில நிறுத்தப் பாக்குறான்! ஜல்தியா எறங்குங்க!"

கத்தியது நான். அவர் இறங்கினார். நானும் கால் வைத்தேன். வானத்தான் பின்னாலிருந்து என்னைத் தூக்கினான். கையைக் கடித்தேன். ரத்தம் வந்தது. விடவில்லை. தெருவில் தள்ளிவிட்டு மறுபடி உள்ளே ஓடினான்.

மெல்லிய விசில் சத்தம். தொம்மென்று ஒரு அதிர்வு. பிறகு மண்ணுக்குள் மாவு மிஷின் ஓடுகிற மாதிரி இரைச்சல். இருபது வரை எண்ணினேன். வெடித்தது. எங்கள் வரிசையில் ஒரு குழி மிச்சமில்லை.

பிறகுதான் தெரிந்தது. அவன் சுட்டவை பதினாலு. விழுந்திருந்தவை பதின்மூன்று. விரல் மடக்கியது அதற்குத்தான். கடைசிக் குண்டு மண்ணைத் துளைத்துப் போய் வெடிக்கிற ரகம் என்று ஆபீசில் முன்பே சொல்லியிருக்கிறான். என் மனு இருந்ததால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இதை எழுதும்போது என் கை எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இனிமேல் குண்டு வராது என்கிறார்கள். நம்பமாட்டேன். அவன் ஒருவன் சுட்டதுதான் பதினாலு. அவன் பக்கத்தில் நின்று எத்தனை பேர் சுட்டார்களோ.

மண்ணைத் தோண்டி எடுத்தபோது வானத்தானின் கை என் கணவரின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தது. வெளியே இழுத்துக்கொண்டிருந்த பிடி. விரல்களைப் பிரிக்க வேண்டியிருந்தது.

சேதம் கணக்கெடுக்க வந்தவர், "செத்தது ரெண்டு பேர்தானேம்மா?" என்றார். வானத்தான் அவர்கள் பக்கத்துப் பட்டியலில் வருவானாம். அவனுடைய நிஜப் பெயரைக் கேட்டார். எனக்குத் தெரியாது. ஒரு நாளும் கேட்டதில்லை.

எழுதச் சொன்னேன். ஒரு தறி. பாதி நெய்த அரக்குப் புடவை. என் கணவர். என் மாமியார். வானத்தான்.

"மூணுங்க," என்றேன். "எங்க வூட்ல மூணு பேரு."