வண்டி ஆடக் கூடாது

ஐயோ, அந்தப் படியில கால் வைக்காதீங்க தம்பி!

மன்னிச்சுக்குங்க, கத்திட்டேனா. பதறிப் போச்சு. அந்தப் படியில ஒரு ஆள் ஏறினாப் போதும், மொத்த வண்டியும் ஒரு குலுக்குக் குலுக்கும். இப்படி வாங்க, இந்தப் பக்கமா. கொஞ்சம் மெதுவாப் பேசுவோம். உள்ள எங்க வீட்டுக்காரரு இப்பத்தான் கண்ணசந்திருக்காரு.

ஜாக்கி கொண்டாந்தீங்களா? ரெண்டா! நல்லா இருப்பீங்க. காலையில உங்களக் கேக்கவே கூச்சமா இருந்துச்சு. நேத்துத்தான் பக்கத்துல வந்து வண்டியப் போட்டிருக்கீங்க, மீன் பிடிக்கலாம்னு வந்த மனுசன், அவரக் கூப்பிட்டு எங்க வண்டிக்கு அடியில படுக்க வைக்கிறோமேன்னு. ஆனா யாரக் கேக்குறது? இந்தக் கேரவன் பார்க்கு ஆபீஸ்ல இருக்கற பொண்ணு சிரிக்குது. கேரவன்னா ஆடத்தானே செய்யும், தொட்டில் மாதிரி சுகமாத் தூங்குங்கங்குது. தொட்டிலாம்!

என் பேரு நோலீன். அவரு மெர்வின். எஸ்பரன்ஸ் ஊர்லேர்ந்து வர்றோம். வீட்ட வித்துட்டு, வயாலாவுல மக இருக்கா, லியான், அவ பக்கத்துலயே இருந்துருவோம்னு கிளம்பினது. நல்லர்பார் பொட்டல் தாண்டுற வரைக்கும் அவருதான் ஓட்டினாரு. அடுத்து வந்த செடூனா ஊருல இருந்து நான். ஆமா, நான்தான். என்னவோ கடவுள் புண்ணியத்துல இங்க வரைக்கும் வந்து சேந்துட்டேன். இதுக்கு மேல என்னால இந்தக் கேரவனக் காருல கட்டி இழுக்க முடியாதுன்னு மகளுக்குப் போன் போட்டுட்டேன். சனிக்கிழம அவளும் மாப்பிள்ளையும் வர்றாங்க. அது வரைக்கும் வண்டி ஆடாம நின்னாப் போதும்.

சக்கரத்துக்கு முட்டு குடுத்திருக்கேன், பாருங்க. கழண்டு கெடக்கா? காலையில கூடக் காலால உதைச்சு உள்ள தள்ளினேனே. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல ஆப்பு மாதிரி ஒண்ணு வச்சு முறுக்குவாரு மெர்வின், அதுக்கப்புறம் சக்கரம் ஒரு நூல் அசையாது. இருக்கு, அந்தப் பெட்டியில. அதேதான். எந்தப் பக்கம் முறுக்கணும்னு எனக்குத் தெரியல. இருபது வருசமா நான் நாற்காலியத் தூக்கிப் போட்டு டீ போட்டதோட சரி.

வண்டியோரப் பந்தலா? காலையிலயே சுருட்டிட்டேன். காத்துல அது கப்பல் பாய் மாதிரி பிடிச்சு இழுக்குது. ரேடியோவுல கேட்டீங்களா? இன்னைக்கு இருட்டறதுக்குள்ள தெக்கத்திக் காத்து திரும்புதாம். கடல் இப்பவே கறுத்துப் போச்சு பாருங்க.

என்னது, திருப்பி நிறுத்தறதா? இல்ல, புரியுது. மூக்கு காத்தப் பாத்து நின்னா ஆட்டம் பாதியாக் குறையும், இப்பக் காத்து விலாவுலல்ல அடிக்கும். அது எனக்கும் தெரியும். ஆனா வேணாம் தம்பி. உங்க வண்டியில மாட்டினா அஞ்சு நிமிச வேலைதான். வேணாம். அவரு உள்ள இருக்காரே. எழுப்பறதா? இல்ல இல்ல, எழுப்ப வேணாம். நின்ன எடத்துலயே என்ன செய்ய முடியுமோ அத மட்டும் செய்ங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

மூலைக் கால் நாலும் எறக்கித்தான் இருக்கு. மண்ணுல அமுங்கிருச்சா? அதான் பாத்தேன். மணல் மண்ணு. இந்தாங்க பலகை, ஒவ்வொரு காலுக்கும் ஒண்ணு. ரொம்ப முறுக்கிராதீங்க. அந்தக் கால் வண்டியத் தூக்குறதுக்கு இல்ல, ஊனிக்கறதுக்குத்தான். மெர்வின் சொல்லுவாரு, கைத்தடி மாதிரி ஊனணும், தோள்ல தூக்கிச் சொமக்கக் கூடாதுன்னு. தூக்கினா சட்டம் கோணிக்கும், கதவு மூடாது. கதவு மூடாமப் போனா... இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க பாத்து முறுக்குங்க.

தண்ணித் தொட்டியா? ரொப்பிட்டேன். கனம் இருந்தா ஆட்டம் கம்மின்னு படிச்சேன் எங்கயோ.

அட, கவுந்துருமோன்னு எனக்குப் பயம் இல்ல தம்பி. நல்லாச் சிரிங்க. இதவிடப் பெரிய காத்தெல்லாம் பாத்தாச்சு. எனக்கு ஆடக் கூடாது, அவ்வளவுதான். நான் உள்ள எப்படி நடக்குறேன் தெரியுமா? காலுல கம்பளி உறை மாட்டிக்கிட்டு, நடுப்பாதையில மட்டும், பூனை மாதிரி. அடுப்ப வெளியில கொண்டாந்து வச்சாச்சு. கட்டில்ல படுக்கறதில்ல, புரண்டா ஆடும்னு. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்துல பெஞ்சு இருக்கே, அதுல படுக்குறேன், கதவு ஓரமா. தூக்கமா? அது எங்க வருது.

ஜாக்கி ரெண்டையும் அச்சுக்குப் பின்னால, சட்டத்துக்கு அடியில குடுங்க. ஆமா, அந்தக் கெட்டி இரும்புல. டயருதான் பந்து மாதிரி எம்புது, பாரம் கொஞ்சம் ஜாக்கி மேல உக்காந்துட்டா எம்பாது. மெதுவா. மெதுவா தம்பி! ஒரேயடியா ஏத்தாதீங்க. ஒரு சுத்து, கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு சுத்து. கேளுங்க... சத்தம் ஒண்ணும் இல்லல்ல உள்ள? குறட்டை கேக்குதா? எனக்குக் காது அடைக்குது. கேக்குதா? சரி. சுத்துங்க.

அப்பாடா. இப்ப அந்த மூலையில கை வச்சு லேசா அழுத்திப் பாருங்க. அட, கல்லு மாதிரி நிக்குதே! தம்பி, உங்க கையக் குடுங்க. படிக்கு அடியில மட்டும் ஒரு செங்கல்லு வச்சுட்டா...

அசையுது.

நீங்க கை எடுத்துட்டீங்கல்ல? அப்ப எழுந்துட்டாரு. தம்பி, அந்த ஸ்பேனரக் கீழ போடுங்க. இல்ல, சத்தம் வராம, உங்க முதுகுக்குப் பின்னால வச்சுக்குங்க. நீங்க எதுவும் பேச வேணாம். போயிராதீங்க, நில்லுங்க.

என்னங்க, கதவத் தொறந்துட்டீங்க, முழிச்சிட்டீங்களா? இல்லைங்களே, உள்ள யாரும் ஏறல. காத்து வரப் போகுதுல்ல, இந்தத் தம்பி வண்டிக்கு முட்டுக் குடுத்துட்டிருந்தாரு, அதான் அசைஞ்சிருக்கும். நானா? நான் பக்கத்து வண்டிக்காரிங்க. நோலீனா? நோலீன் துணி தோய்க்கற எடத்துக்குப் போயிருக்காங்க. இப்பத்தான் என்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க. ஆமாங்க, நல்லா இருக்காங்க. சத்தியமா. அவங்கள யாரும் ஒண்ணும் பண்ணல. நான் எங்கயும் ஒளிச்சு வைக்கலைங்க. நீங்க போய் உக்காருங்க, வந்துருவாங்க. வெளியில குளிருது, அந்தச் சட்டையப் போட்டுக்குங்க. ஆங். கதவச் சாத்திக்குங்க.

உக்காந்துட்டாரு. ஒரு நிமிசம் தம்பி. இந்தப் பெட்டி மேல உக்காந்துக்கறேன்.

ஆமா. நான்தான் நோலீன்.

மறதி இருந்துச்சு, ஒரு வருசமா. டாக்டரு சோதிச்சுப் பாத்து என்னன்னு சொல்லிட்டாரு. வீட்டுல இருந்த வரைக்கும் சாவியக் காணோம், செருப்பக் காணோம், அவ்வளவுதான். என்னைய மறக்கல. இந்தத் தடவ வண்டியில ஏறினதுக்கு அப்புறம்தான் அதுவும். வாலிபத்துல லாரி ஓட்டினாரு. வழியில நிறுத்தித் தூங்கிட்டிருந்தப்ப ஒருத்தன் லாரிக்குள்ள ஏறி அவர அடிச்சுப் போட்டுட்டான். பிழைச்சதே பெருசு. அவன் ஏறினப்ப லாரி ஆடுச்சாம். அந்த ஆட்டம் மட்டும் மறக்கல பாருங்க, உடம்பு வச்சிருக்கு. வண்டி ஆடினா யாரோ ஏறிட்டாங்கன்னு எழுந்துருவாரு. எழுந்து தேடுவாரு. இத்தினியூண்டு வண்டி, தேடினா யாரு அகப்படுவா? நான்தானே. தெரியாத பொம்பள ஒருத்தி நிக்கிறா, பொண்டாட்டியக் காணோம். அவர் என்ன நினைப்பாரு சொல்லுங்க.

முந்தாநாள் கையில வீல் ஸ்பேனர். என் மனைவிய நீ என்ன பண்ணினேன்னு கேட்டுக்கிட்டே வர்றாரு. கண்ணெல்லாம் தண்ணி. என்னையக் காப்பாத்தத்தான் தம்பி என்னைய அடிக்க வர்றாரு.

போலீசா? வருவாங்க. நாலு பேரு வந்து கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போவாங்க. அந்தப் பயத்தோட அவரு போகணுமா? உங்க வண்டியில வந்து நான் படுக்கறதா? நல்ல மனசு உங்களுக்கு. ஆனா நான் இல்லாதப்ப எழுந்தாருன்னா தேடிக்கிட்டு நேரா கடலுக்குப் போயிருவாரு. சனிக்கிழம வரைக்கும்தான். லியான் வந்துட்டாப் போதும், அவரப் பாத்துக்கறதுக்கு வயாலாவுல ஒரு எடம் பாத்து வச்சிருக்கா, பெரிய டாக்டரு இருக்காராம்.

ஒண்ணே ஒண்ணு செய்வீங்களா? இன்னைக்கு நீங்க தூங்காதீங்கன்னு கேக்கல. காத்து அடிச்சு, எங்க வண்டி ஆடி, உள்ள சத்தம் கேட்டுச்சுன்னா, வெளியில நின்னு என் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. சத்தமா. நோலீன், மெர்வின் வீட்டுக்காரி நோலீன் எங்கன்னு. அவ்வளவுதான். நல்லர்பார்ல பெட்ரோல் போட்ட எடத்துல பைய மறந்துட்டு வந்துட்டேன். கடைக்காரம்மா பையில இருந்த பேரப் பாத்துட்டுப் பின்னாலயே ஓடி வந்து, யாரும்மா நோலீன்னு கத்துச்சு. அப்ப நான் உள்ள மூலையில நிக்கிறேன், எதுத்தாப்புல அவரு. நான்தான்னு குரல் குடுத்தேன். உடனே என்னையப் பாத்தாரு தம்பி. அடி நோலீன், எங்கடி போன, எவ்வளவு நேரமாத் தேடறேன்னாரு. நானே நோலீன்னு சொன்னா நம்ப மாட்டேங்குறாரு. வெளி ஆளு சொன்னா நம்புறாரு.

இப்பவே ஒரு தடவ கூப்பிட்டுருங்க. அந்தத் துணிக் கூடைய இப்படிக் குடுங்க. துணி தோய்ச்சுட்டு வர்ற மாதிரி நான் அந்தப் பைன் மரத்துக்கிட்டப் போய் நின்னுக்கறேன். கையத் தூக்கினதும் கூப்பிடுங்க. நல்லாச் சத்தமா.