பாதிக்குப் பாதி

போத்தல் கழுவுவது எனக்குப் பிடித்த வேலை. குழாய்த் தண்ணீரில் மூன்று தரம், காய்ச்சி வடித்த நீரில் மூன்று தரம், பிறகு தலைகீழாக வைத்துக் காயவிட வேண்டும். முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். அவர்கள் சிரிப்பார்கள். இரண்டாம் மாதத்தில் சிரிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

விசாரணைக் குழுவுக்கு ஒரு பக்கம் எழுதித் தந்தால் போதும் என்றீர்கள். ஒரு பக்கத்தில் அடங்காது. இவ்வளவு எழுதுவதற்குள் இரண்டு தரம் எழும்பி வாசல்வரை போய் வந்துவிட்டேன். வெளியே எவரும் இல்லை. கொஞ்ச நாளாக எனக்கு இப்படித்தான். கதிரையில் இருந்தால் எழும்பச் சொல்கிறது, எழும்பினால் மோட்டார் சைக்கிளை எடுக்கச் சொல்கிறது. காரைதீவிலிருந்து கல்முனையைத் தாண்டிப் போவேன், திரும்பி வருவேன். போய்ச் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

எங்கள் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் பட்டப்பின் படிப்பு மாணவர்களுக்கு இரண்டு விருதுகள் கொடுக்கிறது. ஒன்று கற்பித்தலுக்கு, மற்றது ஆய்வுக்கு. கற்பித்தல் விருதை நான் அடுத்தடுத்து இரண்டு வருடம் வாங்கினேன். இரண்டாம் தரம் மேடையிலிருந்து இறங்கியபோது, என் ஆய்வு மேற்பார்வையாளர் பேராசிரியர் ஸைனுலாப்தீன் தோளில் தட்டினார்.

“படிப்பிக்கிறது நல்லந்தான் அஸ்பாக். ஆனா வேலைக்கு எடுக்கக்குள்ள அதப் பாக்க மாட்டாங்க.”

அன்பாகத்தான் சொன்னார். எங்கள் துறையில் விரிவுரையாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. உம்மா இரண்டு கேடயங்களையும் கண்ணாடி அலுமாரியில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, “அப்ப தம்பி எப்ப நிரந்தரமாகிற?” என்று கேட்பார்கள். எனக்கு முப்பத்தொரு வயது.

ஹிமாயாவும் அதே பேராசிரியரிடம்தான் ஆய்வு செய்தாள். எனக்கு நான்கு வயது இளையவள், என்னை அண்ணன் முறையில் காக்கா என்பாள். லேப்பில் உள்ள கருவிகளை அவளுக்குப் பழக்கியவன் நான். என் ஆய்வு வயல் மண்ணில் ஏறும் உப்பைப் பற்றியது. ஒழுங்கான ஆய்வு, அதை யாரும் குறை சொன்னதில்லை, யாரும் அதைப் பற்றிக் கேட்டதுமில்லை. அவள் கடலோரத்தில் நாற்பது வீட்டுக் கிணறுகளை எடுத்துக்கொண்டாள். முதல் சுற்றிலேயே பதினொரு கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மேல் இருந்தது. லீற்றருக்கு ஐம்பது மில்லிகிராம் வரை பாதகமில்லை. இவை எழுபது, எண்பது, ஒன்று தொண்ணூற்றாறு.

நைத்திரேற்று மலக்குழியிலிருந்தும் பயிருக்குப் போடும் பசளையிலிருந்தும் மணலுக்குள்ளால் கிணற்றுக்கு இறங்குவது. நிறமில்லை, மணமில்லை. பெரியவர்கள் குடித்தால் உடனடியாக ஒன்றும் தெரியாது. பிறந்து சில மாதமான குழந்தைக்குப் பால்மாவில் கரைத்துக் கொடுத்தால், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும். குழந்தை நீலமாகும். கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றி, நைத்திரேற்று இன்னும் கூடும். இதைப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் படிப்பிக்கிறேன். பரீட்சையில் எவரும் பிழை விடுவதில்லை.

ஹிமாயா பதினொரு வீட்டுக்கும் தானே போய்ச் சொன்னாள். தொண்ணூற்றாறு வந்த வீடு பாண்டிருப்பில், கடற்கரைக்குப் போகும் சின்ன ஒழுங்கையில். துஷாந்தினி அப்போது நிறைமாதம். அவருடைய கணவர் வினோஜ் மீன்பிடிக்கப் போகிறவர். அன்றிலிருந்து தமக்கையின் வீட்டுக் குழாயில் இரண்டு கேன் தண்ணீர் பிடித்துச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார்.

“ரெண்டாந்தரமும் இதே எண் வந்தா இந்த வருஷ ஆய்வு விருது ஹிமாயாவுக்குத்தான்,” என்றார் பேராசிரியர். “கதைக்கவே தேவையில்ல.” நான் அவளுக்கு வாழ்த்துச் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

இரண்டாம் சுற்றுக்கு அவள் மாரியில் ஒரு வியாழக்கிழமை தண்ணீர் எடுத்தாள். அன்று பின்னேரமே வரிப்பத்தான்சேனையில் அவளுடைய மாமா மௌத்து, இரவே அடக்கம் என்று செய்தி வந்தது.

“காக்கா, போத்தல் எல்லாம் பிரிட்ஜிலதான் இருக்கு. கரண்ட் போனா ஐஸ் போட்டு வைங்க. சனிக்கிழம விடிய வந்துருவன்.”

“நீ போ. நான் பாத்துக்கிறன்.”

அடுத்த நாள் ஜும்ஆவுக்கு எல்லோரும் பள்ளிக்குப் போனார்கள். நான் போகவில்லை. பிறகு தனியாக ளுஹர் தொழுதுகொண்டேன். பிரிட்ஜைத் திறந்து பதினொரு போத்தல்களையும் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் பாதியை ஊற்றிவிட்டு, காய்ச்சி வடித்த நீரால் நிரப்பினேன். பாதிக்குப் பாதி போதும் என்று முன்பே கணக்குப் பார்த்திருந்தேன். தொண்ணூற்றாறும் ஐம்பதுக்குக் கீழே வந்துவிடும். மற்ற இருபத்தொன்பதையும் தொடவில்லை. இருபது நிமிடம் எடுத்திருக்கும். ஒரு துளியும் மேசையில் சிந்தவில்லை.

ஒன்றைக் குழு கவனிக்க வேண்டும். அவளுடைய எண்களில் நான் கைவைக்கவில்லை. அவளே சனிக்கிழமை வந்து, அவளே அளந்து, அவளே எழுதினாள். மாரி மழைக்குக் கிணறுகள் நிறைந்திருந்தபடியால், எண் குறைந்ததற்குக் காரணம் தேட யாரும் சிரமப்படவில்லை. “மழைக்குக் கரைஞ்சிருக்கும்,” என்றார் பேராசிரியர். விருதுப் பட்டியலில் ஹிமாயாவின் பெயர் கீழே போய், என் பெயர் மேலே வந்தது. அவள் எண்களை இன்னொரு தரம் சரிபார்த்தாள். பிறகு, “நல்லதுதானே காக்கா. சனம் தப்பிச்சிது,” என்றாள்.

அந்தச் சனத்திடம் சொல்லப் போனபோது நானும் கூடப் போனேன். வீடு வீடாகப் போகிற வேலைக்கு அவளுக்கு ஒரு துணை தேவைப்பட்டது. பாண்டிருப்பில் துஷாந்தினி வாசற்படியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பெண் குழந்தை, பிறந்து ஏழு வாரம். தாய்ப்பால் போதாமல் பால்மா கொடுத்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இனி எங்கட கிணத்துத் தண்ணியில பிள்ளைக்குக் கரைக்கலாமா? இவர் பாவம், மழைக்குள்ளால சைக்கிள் உழக்கிறார்.”

“ஓம் அக்கா, பயமில்ல,” என்றாள் ஹிமாயா. “ரிப்போட் நல்லா வந்திருக்கு.”

துஷாந்தினி என்னைப் பார்த்தார். “நான் எப்பிடியும் நல்லாக் கொதிக்க வச்சுத்தான் குடுப்பன் சேர்.”

நான் தலையாட்டினேன். அங்கே நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதை ஹிமாயாவும் உறுதிப்படுத்துவாள். பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. குழந்தை என் விரலைப் பிடித்தது. நல்ல பிடி.

பதினாறாம் நாள் குழந்தையின் உதடும் நகமும் நீலமாகின. சளி என்று நினைத்து இரண்டு நாள் கை வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று பின்னேரமே எல்லாம் முடிந்துவிட்டது. அங்கிருந்த டாக்டர்தான் எந்தத் தண்ணீர் என்று கேட்டிருக்கிறார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றில் தண்ணீர் எடுத்துப் பார்த்தார். தொண்ணூற்றொன்று. ஹிமாயா கொடுத்த ரிப்போட் துண்டில் நாற்பத்தைந்து என்று இருந்தது.

அவளைத்தான் முதலில் நீங்கள் கூப்பிட்டீர்கள். அளக்காமலே சோடித்த எண்களா, கவனக்குறைவா என்று கேட்டீர்கள். “நான்தான் எங்கயோ பிழை விட்டிருக்கன். போத்தல் சரியாக் கழுவல்லையோ தெரியா,” என்று அவள் அழுதாள். என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டபோது, அவள் மௌத்து வீட்டிலிருந்து களைத்து வந்திருந்தாள் என்று சொன்னேன். அது உண்மை. உங்கள் கடிதத்தால் அவளுடைய பதிவு நிறுத்தப்பட்டது. கொஞ்சம் ஓய்வெடுத்தால் அவளுக்கும் நல்லதுதான் என்று நினைத்தேன்.

ஒன்பது நாள் கழித்து எனக்கு ஆய்வு விருது கிடைத்தது. உம்மா முன்வரிசையில் இருந்தார். மேடையில் கேடயத்தை வாங்கும்போது என் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. குளிரூட்டியின் குளிர் என்று நினைத்தேன். கீழே வந்து கதிரையில் இருந்தேன், இருக்க முடியவில்லை. மண்டபத்தைவிட்டு வெளியே வந்து, கேடயத்தைப் பையோடு கைப்பிடியில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினேன். உம்மா எப்படி வீட்டுக்குப் போனார் என்று இரவுதான் கேட்டேன்.

அன்றிலிருந்துதான் இந்த ஓட்டம். போகிற வழியில் அந்த ஒழுங்கை வரும். முதல் நாள் தாண்டிப் போனேன். பிறகு வேகத்தைக் குறைத்தேன். ஒருநாள் இறங்கினேன். வினோஜ் கடலுக்குப் போயிருந்தார். துஷாந்தினி கிணற்றடியில் இருந்தார். அந்த இரண்டு கேன்களும் மதிலோரம் கவிழ்ந்து கிடந்தன.

“என்ர பிள்ளைக்கு என்ன நடந்தது சேர்?” என்று கேட்டார். “ஆளுக்கு ஒண்டு சொல்றாங்க. எனக்கு ஒண்டும் விளங்கல்ல.”

ஒரு தாய் விளங்காமல் இருப்பது சரியில்லை. விளக்கும் திறமை எனக்கு இருக்கிறது. படியில் அமர்ந்து, ஒரு தாளை எடுத்து, மணல், மலக்குழி, கிணறு எல்லாம் கீறிக் காட்டினேன். நைத்திரேற்று இரத்தத்தில் என்ன செய்யும் என்று சொன்னேன். கொதிக்க வைத்தது ஏன் பிழை என்றும் சொன்னேன். பிறகு பிரிட்ஜ், பதினொரு போத்தல், பாதிக்குப் பாதி. எதையும் விடவில்லை, பாதி சொன்னால் விளங்காது. அரை மணித்தியாலம் என் கால் ஆடவில்லை. பல நாளுக்குப் பிறகு ஒரே இடத்தில் இருந்தேன். அவர் அழாமல், குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார். அவ்வளவு கவனமாகக் கேட்கும் ஒருவரை நான் வகுப்பில் கண்டதில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் உங்களிடம் வந்தார். அவர் சொன்னதெல்லாம் சரி. ஒன்றை மட்டும் விட்டிருக்கிறார், அதையும் எழுதிவிடுகிறேன். நான் சொல்லி முடித்ததும் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஒன்று கேட்டார்.

“அப்ப, அண்டைக்கு இந்தப் படியில நிண்டு தலையாட்டக்குள்ளயே உங்களுக்குத் தெரியுமா சேர்?”

கேள்வி கேட்கிறவர்களை முதலில் பாராட்ட வேண்டும். அப்போதுதான் அவர்களுக்கு இன்னொன்று கேட்கத் தைரியம் வரும்.

“நல்ல கேள்வி தங்கச்சி,” என்றேன். “ஓம். தெரியும்.”