துஷாரா ஆடாத சீசன்

பாலே ஆட்டத்தில எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை முதலில இந்தப் பொலிஸ்காரருக்குச் சொல்லுங்கோ, பிள்ளை. டெனிஷ் எனக்கு வடிவாய் வரும். முப்பது வருசமாய் இந்த நாட்டிலதான் வேலை. ஆனால் இப்பிடியான விசயத்தைப் பிழையாய்ச் சொல்லிப்போடக் கூடாது எண்டுதான் மொழிபெயர்க்க ஆள் கேட்டனான்.

நான் ஞானேஸ்வரி. வீடு இக்காஸ்டில, வேலை ஹேர்னிங்கில ஒரு வயோதிபர் இல்லத்தில. துஷாரா என்ர ஒரே மகள். ஆறு வயசில அவளைப் பாலே வகுப்பில விட்டது நான்தான். ஏன் பரதம் பழக்கேல்லை எண்டு கோயிலில சனம் கேட்டுது. தகப்பனுக்கும் விருப்பமில்லை. நான் விடேல்லை. அவர் கண்ணை மூடின பிறகும் பனிக்குள்ளால ஒர்ஹூஸ் நகரம்வரைக்கும் காரோடிக் கொண்டுபோய் விட்டனான். அவள் உள்ளுக்கு ஆடுவாள், நான் காருக்குள்ள இருப்பன். கண்ணாடியில பனிப்புகார் படியும். அதைத் துடைச்சுத் துடைச்சு அவள் வாற வாசலைப் பாத்துக்கொண்டிருப்பன். என்ர சீவியம் அதுதான். குறையாய்ச் சொல்லேல்லை.

போன வைகாசியில அவள் ஆடுற பாலே கொம்பனி அடுத்த சீசனை அறிவிச்சுது. மூண்டு பழைய பெரிய பாலேக்கள், மூண்டிலயும் துஷாராவுக்குத்தான் முக்கிய வேசம். ஹேர்னிங் ஸ்டேசனில அவளின்ர படம் ஆளுயரத்துக்குத் தொங்கிச்சுது. வேலைக்குப் போகேக்க அதுக்கு முன்னால கொஞ்சநேரம் நிப்பன்.

ஓய்வுக்கு அவள் வீட்டை வந்த நேரம் கதையளைக் கேட்டன். ஒண்டில அன்னமாய் மாறின பெட்டை ஏரியில விழுந்து சாகிறாள். அடுத்ததில ஏமாந்துபோய்ப் பைத்தியம் பிடிச்சுச் சாகிறாள். மூண்டாவதில செட்டை உதிர்ந்து சாகிறாள்.

"எல்லாத்திலயும் நீ சாகிறாய்" எண்டன்.

"அம்மா, அது ஆட்டம்" எண்டாள். பிறகு, கோப்பையைப் பாத்துக்கொண்டே, "சீசன் முடிஞ்சதும் நான் இஞ்ச இருக்கமாட்டன். கனடாவில ஒரு கொம்பனி கேட்டது. ஓம் எண்டு சொல்லிப்போட்டன்" எண்டாள்.

"அப்ப நான்?"

"உங்களுக்கு வேலை இருக்கு, கோயில் இருக்கு. எனக்கு மூச்சு முட்டுது, அம்மா."

மூச்சு முட்டுற பிள்ளைக்கு ஓய்வு வேணும். நான் அப்பிடித்தான் விளங்கிக்கொண்டன்.

இல்லத்தில கெல்ட் எண்டு ஒரு கிழவர். என்ர கையாலதான் மருந்து எடுப்பார். பிரசருக்கான குளிசை. ஒண்டை மட்டும் கொண்டுவந்து, தூளாக்கி, துஷாராவின்ர கஞ்சியில கலந்தன். கொஞ்ச நேரத்தால தலை சுத்துது எண்டு வந்து என்ர மடியில படுத்தாள். சின்னனில படுத்ததுக்குப் பிறகு அண்டைக்குத்தான். வெளியில நல்ல வெயில். நான் தலையைத் தடவிக்கொண்டிருந்தன். அப்பிடி ஒரு பின்னேரம் கிடைக்க ஒரு தாய் என்னதான் செய்யமாட்டாள் எண்டு நீங்களே யோசியுங்கோ.

பிறகு ஒத்திகைக்கு ஒர்ஹூஸ் போனாள். நான் கிழமைக்கொருக்கால் புட்டும் அந்தத் தூள் கலந்த சொதியும் கொண்டுபோய்க் குடுத்தன். தலைசுத்து நிக்கேல்லை எண்டு டொக்டர்மார் இரத்தம் எடுத்தினம், தலையைப் படம் எடுத்தினம், ஒண்டும் பிடிபடேல்லை. மன அழுத்தமாயிருக்கும் எண்டினம். நானும் ஓம் எண்டன். புரட்டாதியில, கூட ஆடுற பெடியன் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருக்கேக்க அவளுக்கு மயக்கம் வந்திட்டுது. விழுந்து இடுப்பு முறிஞ்சுது. அதை நான் நினைக்கேல்லை. நான் நினைச்சது ஓய்வு மட்டும்தான்.

கொம்பனி நடத்துற பீர்கிட் ஆஸ்பத்திரிக்கு வந்து, வேசத்தை வேற பெட்டைக்குக் குடுக்கவேண்டி வந்திட்டுது எண்டு அழுதா. நான்தான் தண்ணி குடுத்துத் தேற்றினனான். ஸ்டேசனிலயும் படத்தை மாத்திப்போட்டினம்.

மகளை வீட்டை கொண்டுவந்து கீழ் அறையில கட்டில் போட்டன். சிநேகிதர் வந்தால் நித்திரை எண்டு அனுப்பினன். ஃபோன் வெளிச்சம் கண்ணுக்குக் கூடாது, அதை நான் வைச்சிருந்தன். கழுவித் துடைச்சு, தலை வாரி, ஊட்டி விட்டன். இடுப்பு சுகமாகின பிறகும் அவளால நிக்க ஏலாமல் இருந்தது. குளிசையை நான் நிப்பாட்டேல்லை. ஒருநாள், "அம்மா, நான் சாகப்போறனோ?" எண்டு கேட்டாள்.

"நான் இருக்கேக்க எப்பிடிச் சாவாய்?" எண்டன்.

கெல்ட் அந்த மாரியில செத்துப்போனார். ஓம், முழுக்க அவரின்ர குளிசையள்தான். அவரை நான் வெறுங்கையோட விடேல்லை. பதிலுக்குச் சத்துக் குளிசை குடுத்தனான். தொண்ணூறு தாண்டின மனுசன். செத்தவீட்டில அவரின்ர மகள் என்னைக் கட்டிப்பிடிச்சு, "உங்களைப்போல ஒருத்தரும் அப்பாவைப் பாக்கேல்லை" எண்டா. அதையும் இவருக்குச் சொல்லுங்கோ.

தையில எனக்குக் கடும் காய்ச்சல். சமைக்க ஏலேல்லை. துஷாரா கடையில வாங்கின பாண் துண்டைத்தான் திண்டுகொண்டு கிடந்தாள். அந்த நாளில அவளுக்குத் தலை தெளிஞ்சிருக்கு. அதுக்குப் பிறகு நான் ஊட்டின கஞ்சியை விழுங்காமல் வாய் துடைக்கிற துவாயில துப்பி ஒளிச்சு வைச்சிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. வாயைத் துடைச்சுவிட்டிட்டு வேலைக்குப் போயிருக்கிறன். போகேக்க கதவைப் பூட்டிப்போட்டுத்தான் போறனான், விழுந்துபோடுவாள் எண்டு. யன்னலால இறங்கி, பனிக்குள்ள தவண்டுபோய், அந்தத் துவாயோட அயல்வீட்டுக் கதவைத் தட்டினாளாம். கையுறைகூடப் போடேல்லையாம்.

இப்ப அவளுக்குத் தலைசுத்து இல்லையாம், நடக்கப் பழகிறாளாம் எண்டு இவர் வாசிச்சார். என்னைப் பாக்க விருப்பமில்லை எண்டும் சொன்னவளாம். பரவாயில்லை. நான் ஒண்டையும் மறைக்கேல்லை. மகளுக்கு மருந்து கலந்து குடுத்தது நான். கிழவரின்ர மருந்தை எடுத்தது நான். அவர் செத்ததும் அதாலதான். எங்க எண்டாலும் கையெழுத்துப் போடுறன்.

ஆனால் இவர் வாசிச்ச கடுதாசியில ஒரு இடத்தில, மகளை அடைச்சு வைச்சிருந்தன் எண்டு எழுதியிருக்கு. அது பிழை, மாத்தச் சொல்லுங்கோ. என்னோட இருக்க விருப்பமில்லையெண்டால், அவ்வளவு மாதமும் அவள் எழும்பிப் போயிருக்கலாம்தானே.