சத்தம் வராத கிட்டார்

மத்திகிரி பஸ் கிளம்பாமல் உறுமிக்கொண்டே நின்றது. எனக்கு முன் சீட்டில் கம்பெனிச் சட்டையில் இருவர். ஒருவன் மடியில், கிட்டார் சத்தத்துக்கு எக்கோ சேர்க்கும் எஃபெக்ட்ஸ் பெட்டி. அவன் கால் ஆட்டுவதை நிறுத்தவே இல்லை.

“ஞாயித்துக்கிழம சர்ச்சுல நாலு பாட்டும் சத்தமே வராம வாசிச்சேன் மச்சா.”

“ஏன்டா?”

“எக்கோ கொழம்புது, ஆம்ப் ஸ்பீக்கர் பின்னாடி சென்ட், ரிட்டர்ன்னு இருக்குற ரெண்டு ஓட்டையில இந்தப் பெட்டிய மாட்டுன்னு நீதானே சொன்ன?”

“சென்ட்லருந்து வர்ற வயரு பெட்டியோட ‘இன்’னுக்கு, பெட்டியோட ‘அவுட்’லருந்து ரிட்டர்னுக்கு. மாத்திக் குத்திட்டியா? தினம் கம்பெனியில பம்புக்கு இன், அவுட் பைப்பு மாட்டுறவன்டா நீ!”

“மாத்திட்டேன். எல்லாரும் பாக்குறாங்க, பாதியில எப்பிடி நிறுத்துறது? வெறும் கைய ஆட்டிட்டு நின்னேன்.”

“பாஸ்டர் திட்டுனாரா?”

“கையப் புடிச்சுக்கிட்டு, ‘தம்பி, இன்னைக்குத்தான் கிட்டார் நல்லா இருந்துச்சு’ன்னாரு.”

பஸ் நகர்ந்தது. கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

“இந்த வாரம் சரியா மாட்டட்டுமா, வேணாமா? அதச் சொல்லு மொதல்ல.”