மூக்கு வழியா, வாய் வழியா

எங்க பெரியப்பா ஒண்ணு சொல்லுவாருங்க ஹர்ஷிணி டாக்டர்... முழிச்சுட்டு இருக்கறவனைப் படுக்க வெச்சா, அவனக் கேட்டுட்டுத்தான்... என்னமோ செய்யோணும்னு முடியும். மீதி மறந்துபோச்சு. பஹ்ரைன்ல பல வருசம் வேலைக்கு இருந்துட்டு வந்த எனக்கு இதெல்லாம் பாதிதான் மிச்சமுங்க.

ம், ஸ்ப்ரே அடிங்க. என்னா கசப்பு... தொண்டை மரத்துப்போற வரைக்கும் பேசிட்டே இருங்கன்னீங்க பாருங்க, எங்கூட்டுல ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லீங்க.

பித்தப்பைக் கல்லு. ஊரே தூங்கிட்டு எடுத்துக்குது. எனக்கு மட்டும் முழிச்சிருக்கறப்பவே மூச்சுக்கு ஒரு குழாய உள்ள உடோணும். கழுத்தெலும்பு ஒட்டிப்போச்சு, தூங்க வெச்சா தொண்டை அடைச்சுக்கும், அப்பறம் குழாய்க்கு வழி கெடைக்காதுன்னீங்க. செத்துப்போயிருவேங்கறத எத்தனை மரியாதையாச் சொன்னீங்க.

சரி, எதுல உடறதுன்னு இப்பப் பஞ்சாயத்து. நீங்க மூக்கு வழிங்கறீங்க. பென்சில் தண்டிக்கு வளையற வயரு, நுனியில கேமரா. சளி ஒட்டுனா ஒண்ணுந் தெரியாதுங்கறாரு பெரிய டாக்டர் நஞ்சுண்டன். அவுரு வாய் வழிங்கறாரு. வளைஞ்ச கரண்டியாட்ட ஒண்ணு, மேல குட்டி டிவி. நாக்க அமுக்குனா ஓங்கரிப்பு வரும், வாயும் ரெண்டு வெரலுக்கு மேல தெறக்காதுங்கறீங்க நீங்க. எல்லாம் என் தலைக்கு மேலயே. நானும் இங்கதானுங்க படுத்திருக்கறேன். கடைசியில, பேஷண்ட்டே முடிவு பண்ணட்டும்னு போட்டு அவுரு காப்பி குடிக்கப் போயிட்டாரு.

நான் சும்மா இருந்திருக்கலாமுங்க. நீங்க மொதல்லயே மூக்கு வழிக்கு எல்லாம் எடுத்து வெச்சுட்டீங்க. நேத்து அவுரு வந்தப்ப, மோட்டார் வாங்கப் போனவனாட்ட, 'இதைவிட நல்ல மாடல் இருக்குதுங்களா'ன்னு கேட்டது நாந்தான். மனுசன் மூஞ்சி மலந்துபோச்சு. அந்தக் கரண்டிய வாங்கிப் பொட்டியோடயே வெச்சிருந்தாருங்களாமா.

ஏனுங்க, அதுல எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கறாரு? ரெண்டா. பரவால்லீங்களே... ஓ, அதுல ஒண்ணு பொம்மைங்களா.

நம்ம தொழிலு போர்வெல்லுக்குள்ள கேமரா எறக்கறதுங்க, அன்னூர்ப் பக்கம். புதுக் கேமரா வந்தா மொதல்ல எங்க தோட்டத்துல வத்திப்போன போருலதான் எறக்கிப் பழகுவேன். அடுத்தவன் போருல இல்லீங்க.

மூக்கு வழிக்கு உங்க கணக்கென்ன? ...வாரம் மூணா. அதும் மனுசங்களுக்கு.

நாக்கு தடிக்குதுங்... அதா, காப்பி முடிச்சு வாராரு. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், சின்ன டாக்டரு சொன்னா நல்லாருக்காது, நானே சொல்லிப்போடறேன்.

டாக்டருங்களே, மூக்கு வழியா உடட்டுமுங்க. இந்தம்மாவே உடட்டும்.