ஃபேனை நிறுத்தும் வீடு

காந்திபுரத்திலிருந்து சோமனூர் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். சின்னவர் சொன்னார்:

"இனிமே ஜீனை மாத்தி, உள்ள மெஷினை வெச்சு வண்ணத்துப்பூச்சி செய்வாங்களாமுங்க்கா. எம்பையன் சொன்னான். ரிமோட்டுல சொன்ன எடத்துக்குப் பறக்குமாமுங்க்கா."

"நெசப் பூச்சிக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியுமா, கண்ணு?"

"தெரியாதாமுங்க்கா."

பெரியவரின் முகம் மாறிவிட்டது.

"எங்கூட்டுக்காரரு தவறிப்போனதுல இருந்து, ஊட்டுக்குள்ள வண்ணத்துப்பூச்சி வந்தா அவருதான் வந்திருக்காருன்னு, அடிபடாம இருக்கோணும்னு ஃபேனை நிறுத்திப்போட்டு உக்காந்திருப்பேன். இனி வர்றது மெஷினா இருந்தா?"

நீலாம்பூர் தாண்டியதும் பெரியவரே மெதுவாகச் சொன்னார்:

"எதுக்கும் ஃபேனை நிறுத்தித்தான் வெப்பேன், கண்ணு. அவரா இருந்துட்டா?"