வின்ச்சுக்கு ஒரு பேட்டரி

கார் ஏற்றும் டிரெய்லருக்கு வின்ச் வாங்குகிறவர்கள் எல்லோரும் அது எத்தனை டன் இழுக்கும் என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்குக் கரண்ட் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் குறைவு. ஜூஜுவாடி சர்வீஸ் ரோட்டில் பன்னிரண்டு வருடமாகக் கார் எலக்ட்ரிக்கல் ஷெட் வைத்திருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன் மேடம், கேட்க வேண்டியது இரண்டாவது கேள்வியைத்தான். பிரகாஷ் அதைக் கேட்டான். அந்த விஷயத்தில் அவனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

உங்களுக்குப் பழக்கமிருக்காது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிரெய்லரின் முன்பக்கம் ஒரு மோட்டாரும் உருளையும் இருக்கும். இரும்புக் கயிறு உருளையில் சுற்றச் சுற்ற, ரிப்பேரான கார் சாய்வுப் பலகை வழியாக மேலே ஏறும். அதுதான் வின்ச். அதற்குக் கரண்ட் கொடுக்க இரண்டு வழி. டிரெய்லரை இழுக்கும் பிக்கப் வண்டியின் பேட்டரியிலிருந்து கட்டைவிரல் பருமனில் செப்புக் கேபிள் கொண்டுவரலாம். எஞ்சின் ஓடும்வரை இழுவை தளராது. இல்லையென்றால் டிரெய்லரிலேயே தனி பேட்டரி வைக்கலாம். அதில் இருக்கும் சார்ஜ் தீர்ந்தால் கார் பாதிப் பலகையில் நிற்கும். பேட்டரி நல்லதாக இருந்தால் இரண்டுமே சரியான வழிதான்.

பிரகாஷ் பேரிகைக்காரன். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு பழைய பிக்கப்போடு வந்து, ஷெட் ஓரமாக நிறுத்திக்கொள்ளட்டுமா என்று கேட்டான். ரோட்டில் நின்றுபோன கார்களை அவன் கட்டி இழுத்து வருவான், நான் சரிசெய்வேன். நல்ல ஏற்பாடு. அத்திப்பள்ளி ஆள் வந்தால் கன்னடம், பாகலூர் ஆள் வந்தால் தெலுங்கு, கம்பெனி மேனேஜர் வந்தால் அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ். யாரிடமும் கூச்சமில்லை. நான் அருப்புக்கோட்டைப் பக்கம். இத்தனை வருடம் இங்கே இருந்தும் எனக்குத் தமிழ் மட்டும்தான். போர்டில் பாஸ்கரன் எலக்ட்ரிக்கல்ஸ் என்று எழுதியிருக்கும். ஊரில் அதற்குப் பெயர் பிரகாஷ் ஷெட். வயரைப் பிரித்து, கருகிய இடத்தைக் கண்டுபிடித்து, விரலைச் சுட்டுக்கொண்டு காரை ஓட வைப்பது நான். சாவியை வாங்கிக்கொண்டு போகிறவர் அவன் தோளில் தட்டிவிட்டுப் போவார்.

என் மனைவி தமிழ்செல்வி ஒருநாள் சொன்னாள். “ஏங்க, நீங்களும் பிரகாஷ் தம்பி மாதிரி நாலு பேருகிட்ட சிரிச்சுப் பேசுனா என்ன, கொறஞ்சா போயிருவீக?” அவர்களுக்குள் வேறு எதுவும் இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஊரே என் பக்கம் நின்றிருக்கும்.

பொறாமை என்றே எழுதிக்கொள்ளுங்கள். வயிறு எரிந்தது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாலும் எரிந்தது.

போன தை மாதம் பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கி வந்தான். வின்ச்சும் பழையது. “ண்ணா, கரண்ட்டு எங்கிருந்து எடுக்கலாம்? பிக்கப்புலருந்து கேபிள் போட்டா நல்லதுன்னு எனக்குத் தோணுது. ஆனா நீ சொன்னா செரி.” அவன் நினைத்தது சரி. ஏற்றமான இடங்களில் அவன் செய்யும் வேலைகளுக்குக் கேபிள்தான் பொருத்தம். நான் தனி பேட்டரி போடலாம் என்றேன். பிக்கப் ரிப்பேரானால்கூட வின்ச் ஓடும் என்று காரணம் சொன்னேன். பொய்யான காரணம் இல்லை.

ஒரு லாரியிலிருந்து கழற்றிய பேட்டரி ஷெட்டில் கிடந்தது. சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, முனைகளில் வாஸ்லின் தடவினேன். மீட்டர் வைத்தால் பன்னிரண்டரை வோல்ட் காட்டும். பாரம் ஏறினால் ஒன்றரை நிமிடத்தில் படுத்துவிடும். சமதரையில் சின்னக் கார் ஏற ஒரு நிமிடம் போதும். அதனால் ஜூஜுவாடியிலும் சிப்காட்டிலும் அது நன்றாகவே வேலை செய்தது.

அவனிடம் ஒப்படைப்பதற்கு முன், அவன் இல்லாத ஒரு பகலில் வின்ச்சைச் சோதித்துப் பார்த்தேன். ஒரு காரைப் பாதிப் பலகை வரை இழுத்துக் கரண்ட்டை நிறுத்தினேன். உருளைக்குள் இருக்கும் பிரேக் காரைப் பிடித்துக்கொண்டது. டீ வாங்கி வந்து ஓரமாக உட்கார்ந்து குடித்தேன். உருளையின் விளிம்பில் நான் சாக்பீஸால் போட்டிருந்த கோடு மெதுவாகக் கீழே நகர்ந்தது. டம்ளர் காலியாகும்போது பிரேக் மொத்தமாக விட்டது, கார் இறங்கி ஓடியது. பின்னால் யாரும் இல்லை. பிரேக்கைப் பற்றி பிரகாஷ் கேட்கவில்லை. கேட்காததை நான் சொல்லவில்லை.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். இழுவை தளர்ந்தால் அவன் காருக்குப் பின்னால் போய்த் தோள் கொடுப்பான். களத்து மேட்டில் வண்டி தள்ளி வளர்ந்த உடம்பு. எத்தனையோ தடவை வேண்டாமென்று சொல்லியிருக்கிறேன், அது பழைய நாட்களில். கார்க்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது சும்மா நிற்க அவனால் முடியாது.

புதிதாக வந்த டிரெய்லரைப் பார்த்து எல்லோரும் பாராட்டினார்கள். “எல்லாம் பாஸ்கரண்ணன் வேலை” என்றுதான் அவன் சொன்னான். ஒளிக்கவில்லை. கேட்டவர்களோ, எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று அவனையே இன்னும் கொஞ்சம் பாராட்டினார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நாட்றாம்பாளையம் ஏற்றத்தில் ஒரு பெரிய கார் நின்றுவிட்டதாக போன் வந்தது. ஏழு பேர் உட்காரும் கார். பெங்களூர்க் குடும்பம். பிரகாஷ் கேனில் டீசல் வாங்கிவரப் போயிருந்தான், பிக்கப் ஷெட்டில்தான் நின்றது. பிக்கப்பில் டிரைவர் சீட்டுக்கடியில் இருந்த இரண்டு அண்டைக் கட்டைகளை, டயருக்குக் கீழே வைக்கிற கட்டைகளை, முந்தின நாளே அவன் ஷெட்டில் இறக்கியிருந்தான், கழுவுவதற்காக. நான் அவற்றைத் திரும்ப எடுத்து வைக்கவில்லை. இல்லை, இன்று சரியாகச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அவன் இறக்கவில்லை. போன் வந்த பிறகு நான்தான் இறக்கினேன்.

“நானும் வர்றேன்டா” என்றேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். “வாண்ணா, பேசிக்கினே போலாம்.”

என் மகள் யுவஸ்ரீ நாலாவது படிக்கிறாள். பள்ளி விளையாட்டு விழாவுக்கு என்னை அல்ல, அவனைக் கூப்பிட்டிருந்தாள். அவளுடைய சிநேகிதிகளின் அப்பாக்களோடு மாமாதான் கன்னடத்தில் பேசுவாராம். அந்தப் பேச்சை அவன் என்னிடம் எடுப்பான் என்று நான் நினைக்கவில்லை. அஞ்செட்டி தாண்டியதும் அவனாகவே சொன்னான்.

“ண்ணா, பாப்பா என்னெ வரச் சொல்லுச்சு. அப்பா வந்தாத்தான் அளகுன்னு சொல்லிட்டன். நீ போண்ணா.”

என் மகளின் பள்ளிக்கு நான் போவதுகூட அவன் விட்டுக்கொடுத்துத்தான் எனக்குக் கிடைக்க வேண்டியிருந்தது. சரிடா என்றேன். அதுவரை மனதில் கொஞ்சம் தடுமாற்றம் இருந்தது. அதற்குப் பிறகு இல்லை.

பதினோரு மணிக்கு நல்ல வெயில். டிரெய்லரை ஏற்றத்தில் நிறுத்தி, கயிற்றை மாட்டி, நான் முன்னால் ரிமோட்டோடு நின்றேன். கார் பாதிப் பலகை ஏறியதும் மோட்டார் முனகிவிட்டு நின்றது.

“கட்டெ எங்கண்ணா?”

“ஷெட்டுலயே கெடக்குடா.”

“செரி வுடு. நானு பின்னால தோள் குடுக்கறன், நீ பட்டன அமுக்கு.”

பேட்டரி கொஞ்சம் தேறட்டும், இரு என்று சொன்னேன். அவன் முதுகைக் காருக்குக் கொடுத்து நின்றபடியே அந்தக் குடும்பத்தோடு பேச ஆரம்பித்தான். கார்க்காரர் பயந்துபோய் ஏதோ கேட்டார். “ஏனூ ஆகல்ல சார், ஒந்து நிமிஷ” என்றான். ஒன்றும் ஆகாது, ஒரு நிமிஷம் என்று. அந்த அளவு கன்னடம் எனக்கும் புரியும். அவர்களுடைய சின்னப் பெண் சிரித்தாள். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் பார்த்த ஆளிடம் அந்தக் குழந்தை சிரித்தது.

சாக்பீஸ் கோடு உருளையில் அழியாமல் இருந்தது. அது நகர ஆரம்பித்ததைப் பார்த்தேன். கால் வட்டம் நகரும் வரை பார்த்தேன். “விலகுடா” என்பது ஒரு வார்த்தை. தமிழ்தான். எனக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை. நான் சொல்லவில்லை.

அவன் சாவுக்கு மாநில எல்லையின் இரண்டு பக்கமும் கடை அடைத்தார்கள். மூன்று மொழியில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். எனக்கு அப்படி ஒரு கூட்டம் வராது, தெரியும். யுவஸ்ரீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “நீங்க கூடத்தானப்பா நின்னீங்க, ஏன் மாமாவப் பிடிச்சு இழுக்கல?” அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

நேற்று பதினாறாம் நாள் காரியம். இன்று காலை நானாக இங்கே வந்தேன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. விபத்து என்று நீங்களே முடித்துவிட்டீர்கள். மனசாட்சி உறுத்தி வந்திருக்கிறேன் என்று வாசலில் இருந்த ஏட்டையாவிடம் சொன்னேன். அதுதான் காரணம் என்று நினைத்துத்தான் வீட்டிலிருந்து கிளம்பினேன்.

ஆனால் இந்தக் கோப்பை எனக்குப் படித்துக் காட்டினீர்களே, அதில் ஒரு தவறு இருக்கிறது. பிரகாஷ் மனைவி அனிதா வாக்குமூலத்தில், டிரெய்லரில் ஒவ்வொன்றையும் தன் வீட்டுக்காரரே பார்த்துப் பார்த்துப் போட்டார் என்று சொல்லியிருக்கிறாள். நீங்களும் அப்படியே எழுதிவிட்டீர்கள். பதினாறு நாளாக ஊரே அதைத்தான் பேசுகிறது, நேற்றுப் பந்தியிலும் அதே பேச்சு, எனக்குச் சோறு இறங்கவில்லை. தூக்குத் தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள் மேடம், நான் கேட்கப்போவதில்லை. அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு, பேட்டரியைத் தேர்ந்தெடுத்தது பாஸ்கரன் என்று என் பெயரைப் போட்டு எழுதுங்கள்.